கிளவுஸ் அலர்ஜி: எந்தக் கிளவுஸ், எந்தப் பரிசோதனை, எந்த வேலையிடம்?

"அக்கா, நைட்ரைலுக்கு மாறிட்டேன். அப்படியும் கை அரிக்குது. இனி என்ன பண்றது?"

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் ஒருத்தி கேட்ட கேள்வி இது. லேடெக்ஸ், அதாவது ரப்பர் பாலில் செய்த கிளவுஸை விட்டு, செயற்கை ரப்பரான நைட்ரைலுக்கு மாறியிருந்தாள். விரல் இடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. மணிக்கட்டில், கிளவுஸ் விளிம்பு முடியும் இடத்தில், வளையல் போட்டதுபோல் ஒரு சிவப்புக் கோடு. எனக்கும் கிளவுஸ் அலர்ஜி உண்டு என்று யாரோ சொல்லி என்னிடம் வந்திருந்தாள். ஆனால் அவள் கையைப் பார்த்ததுமே, என் அலர்ஜி வேறு, இவளுடையது வேறு என்று தோன்றியது.

பேச்சில் எல்லாவற்றுக்கும் 'கிளவுஸ் அலர்ஜி' என்ற ஒரே பெயர்தான். அந்தப் பெயருக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. எது உங்களுடையது என்று தெரிந்துகொள்ளாமல் கிளவுஸை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் பணமும் போகும், வருஷங்களும் போகும். எனக்கு ஆறு வருஷம் போனது. அந்த ஆறு வருஷம் உங்களுக்கும் போகக் கூடாது என்றுதான், நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள், பல் மருத்துவர்கள், வார்டில் துப்புரவு வேலை செய்கிறவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

மரத்தின் புண்ணும் நம் உடம்பும்

நான் பிறந்தது குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வடிப்புக்குப் போனவர். விடியும் முன்பே தலையில் லைட் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பட்டையில் கத்தியைச் சாய்வாக இழுத்தால் வெள்ளைப் பால் கோட்டோடு ஓடிவந்து சிரட்டையில் சொட்டும். சில மணி நேரத்தில் அந்த ஒழுக்கு தானாகவே நின்றுவிடும். வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் நீள நாடாவாக உரிந்து வரும். அதைச் சுருட்டிப் பந்து செய்வது எங்கள் விளையாட்டு.

அந்த ஒழுக்கு எப்படி நிற்கிறது என்று அப்போது யோசித்ததில்லை. பாலில் ஹெவின் என்று ஒரு குட்டிப் புரதம் இருக்கிறது. மொத்தமே 43 அமினோ அமிலங்கள். ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து வெட்டுக்காயத்தை அடைப்பது அதுதான். பூஞ்சை உள்ளே நுழையாமல் தடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. மரம் தன் புண்ணை ஆற்ற வைத்திருக்கும் அதே பொருளைத்தான் என் உடம்பு பகையாளியாக நினைக்கிறது.

ரப்பர் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். புரதம் 1 முதல் 2 சதவீதம் இருக்கும். ஆய்வாளர்கள் அலர்ஜி உண்டாக்கும் புரதங்களை ஹெவ் பி 1, ஹெவ் பி 2 என்று 15 வரை எண் போட்டு வைத்திருக்கிறார்கள். மரத்தின் பெயரான ஹெவியா பிரசிலியென்சிஸ் என்பதிலிருந்து வந்த சுருக்கம் அது. ஹெவினும் அதன் மூல வடிவமும் ஹெவ் பி 6. மருத்துவமனை ஊழியர்களிடம் அதிகம் வினை காட்டுவது ஹெவ் பி 5, ஹெவ் பி 6 இரண்டும்தான். இவை தண்ணீரில் எளிதாகக் கரையும். கிளவுஸின் உள்ளே தூவியிருக்கும் பவுடரில் ஒட்டிக்கொண்டு காற்றிலும் பறக்கும். முதுகுத்தண்டு மூடாமல் பிறந்து, கைக்குழந்தையிலிருந்தே திரும்பத் திரும்ப ஆபரேஷனும் கதீட்டருமாக வளரும் ஸ்பைனா பிஃபிடா குழந்தைகளிடம் ஹெவ் பி 1, ஹெவ் பி 3 முன்னால் நிற்கின்றன. இவை ரப்பர் துகளோடு ஒட்டியே இருப்பவை. உடம்பின் ஈரமான உட்பரப்பில் ரப்பர் நேராக உரசும்போது உள்ளே போகின்றன. எந்த வழியாகப் பட்டது என்பதைப் பொறுத்து எந்தப் புரதத்துக்கு உடம்பு பழகுகிறது என்பதும் மாறுகிறது. இரத்தப் பரிசோதனை முடிவை வாசிக்கும்போது இது உதவும்.

உள்ளே நடப்பது இதுதான். வெடித்த தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ புரதம் உள்ளே வருகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் டென்ட்ரிட்டிக் செல்கள் அதைத் துண்டுதுண்டாக்கி டி செல்களுக்குக் காட்டுகின்றன. பெரும்பாலானவர்களுக்கு அதோடு சரி. சிலருக்கு மட்டும் டி செல்கள் இன்டர்லூக்கின் 4, இன்டர்லூக்கின் 13 ஆகியவற்றைச் சுரந்து, பி செல்களை ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்யத் தூண்டுகின்றன. அந்த ஐஜிஇ தோல், மூக்கு, நுரையீரல், குடல் என்று எங்கும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். இதுவரை வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. அடுத்த முறை அதே புரதம் வந்து பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஐஜிஇக்களைப் பிடித்து இணைத்ததும், மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினையும் கூட இருக்கும் மற்ற பொருட்களையும் கொட்டிவிடும். தடிப்பு, தும்மல், கண் அரிப்பு, வீசிங், சிலருக்கு இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம். எல்லாம் சில நிமிடங்களில், மிஞ்சிப்போனால் அரை மணி ஒரு மணி நேரத்தில்.

இது முதல் வகை. இரண்டாவது வகையில் புரதத்துக்கு வேலையே இல்லை. ரப்பரைப் பதப்படுத்தும்போது வேலை சீக்கிரம் முடிய தையூரம், கார்பமேட், மெர்காப்டோபென்சோதையசோல் போன்ற இரசாயனங்களைச் சேர்ப்பார்கள். ஆக்ஸிலரேட்டர் என்பது இவற்றைத்தான். இவை மிகச் சிறிய மூலக்கூறுகள். தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, நினைவு வைத்திருக்கும் டி செல்களை எழுப்பிவிடும். அந்த செல்கள் வந்து சேரவே ஒன்றிரண்டு நாள் ஆகும். அதனால் திங்கட்கிழமை போட்ட கிளவுஸுக்கு புதன்கிழமை கொப்புளம் வரும். மூன்றாவது வகை வெறும் எரிச்சல்: அடிக்கடி கை கழுவுவது, சானிடைசர் காயுமுன்னே கிளவுஸை மாட்டுவது, உள்ளே வியர்ப்பது. இதில் நோய் எதிர்ப்பு மண்டலம் யாரையும் பகையாளியாக நினைக்கவில்லை. மூன்றிலும் அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். ஆனாலும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எரிச்சலில் வெடித்த தோல்தான் புரதத்துக்கும் இரசாயனத்துக்கும் வாசலைத் திறந்து வைக்கிறது.

ஆகவே முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கிளவுஸ் மாட்டிய சில நிமிடங்களில் தடிப்பு வந்து, கழற்றிய ஓரிரு மணி நேரத்தில் தடயமே இல்லாமல் மறைந்தால் ஐஜிஇ பக்கம் சந்தேகப்படுங்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வந்து, கிளவுஸ் படும் இடம் முழுக்கப் படர்ந்து, தோல் உரிந்து ஆறினால் இரசாயனம். நாள் முழுக்க வறட்சியும் வெடிப்புமாக இருந்து, லீவு எடுத்தால் ஆறினால் எரிச்சல். ஒரே ஆளுக்கு இரண்டு சேர்ந்திருப்பதும் சாதாரணம். அதனால்தான் கடிகாரம் மட்டும் போதாது, பரிசோதனை வேண்டும்.

எந்தப் பரிசோதனை?

நான் செய்த முதல் தவறு இங்கேதான். லேபில் போய் "அலர்ஜி டெஸ்ட்" என்று கேட்டேன். மொத்த ஐஜிஇ பார்த்துக் கொடுத்தார்கள். எண் கூடுதலாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் தூசி அலர்ஜி என்று நம்பிக்கொண்டிருந்தேன். மொத்த ஐஜிஇ ஆஸ்துமாவிலும் கூடும், எக்ஸிமாவிலும் கூடும், வயிற்றில் பூச்சி இருந்தாலும் கூடும். ரப்பர் பாலைப் பற்றி அது எதுவுமே சொல்லாது. இந்தக் கேள்விக்காக மட்டும் என்றால் அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

கேட்க வேண்டியது ரப்பர் பாலுக்கான குறிப்பிட்ட ஐஜிஇ. லேடெக்ஸ் ஸ்பெசிஃபிக் ஐஜிஇ என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். பெரிய லேப்கள் மாதிரியை எடுத்து அனுப்பிப் பார்த்துத் தருகின்றன. பொதுவாக லிட்டருக்கு 0.35 கிலோ யூனிட்டுக்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்பார்கள். இதன் நல்ல குணம், உடம்பில் எதையும் குத்திச் சோதிப்பதில்லை. கடுமையான வினை ஏற்கெனவே வந்தவருக்கும் பயமில்லாமல் செய்யலாம். செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் முடிவு மாறாது. குறை இரண்டு. உண்மையில் அலர்ஜி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு நெகட்டிவ் காட்டிவிடும். இன்னொரு பக்கம், மகரந்த அலர்ஜி உள்ளவர்களுக்கு, கிளவுஸ் போட்டு ஒருநாளும் ஒன்றும் ஆகாதவர்களுக்குக்கூட, பாசிட்டிவ் காட்டும். ஹெவ் பி 8 என்பது புரொஃபிலின் வகைப் புரதம், அது பல செடிகளின் மகரந்தத்திலும் கிட்டத்தட்ட அதே வடிவத்தில் இருப்பதுதான் காரணம். புரதம் புரதமாகப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை கிடைத்தால் இந்தக் குழப்பம் தீரும்: ஹெவ் பி 5, 6 பாசிட்டிவ் என்றால் உண்மையான ரப்பர் பால் அலர்ஜி, ஹெவ் பி 8 மட்டும் என்றால் பெரும்பாலும் மகரந்தத்தின் நிழல்.

தோலில் குத்திப் பார்க்கும் ப்ரிக் டெஸ்ட் நல்ல சாற்றை வைத்து அனுபவமுள்ளவர் செய்தால் இரத்தப் பரிசோதனையைவிடக் கூர்மையானது. 15, 20 நிமிடத்தில் முடிவு கையில். ஆனால் கிட்டத்தட்ட ஒரு வாரத்துக்கு அலர்ஜி மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். தரமான ரப்பர் பால் சாறு எல்லா இடத்திலும் கிடைக்காது. அபூர்வமாகக் கடுமையான வினையும் வரலாம் என்பதால் அட்ரினலின் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கிளவுஸின் ஒரு விரலை மட்டும் வெட்டி ஈரக்கையில் மாட்டிப் பார்க்கும் சோதனையும் உண்டு. மற்ற இரண்டும் ஒத்துப்போகாதபோது மருத்துவர் முன்னிலையில் செய்ய வேண்டியது அது. வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள். ஒரு தோழி அப்படிச் செய்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாள்.

தாமதமாக வரும் சொறிக்கு இந்த மூன்றில் எதுவுமே உதவாது. அதற்கு பேட்ச் டெஸ்ட். தோல் மருத்துவர் முதுகில் வரிசையாக ஒட்டுவார். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடி 72 அல்லது 96 மணி நேரத்தில் பார்ப்பார். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. நம் வெயிலில் அதுதான் கஷ்டம். முடிந்தால் மார்கழி, தையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவு இது: உடனடித் தடிப்பு வருகிறவர் குறிப்பிட்ட ஐஜிஇயில் தொடங்கட்டும், நெகட்டிவ் வந்தும் அறிகுறி தெளிவாக இருந்தால் ப்ரிக் டெஸ்ட் உள்ள மருத்துவமனையைத் தேடட்டும். தாமதச் சொறி வருகிறவர் நேராகப் பேட்ச் டெஸ்டுக்குப் போகட்டும். எங்கள் சிஸ்டருக்கு இரத்தத்தில் ஒன்றும் இல்லை. முதுகில் கார்பமேட் பட்டையின் கீழ் மட்டும் சிவந்து தடித்திருந்தது.

கிளவுஸ்கள்

லேடெக்ஸ் கிளவுஸுக்கு உள்ள பெருமையை மறைக்க வேண்டியதில்லை. அந்த இழுவையும் விரல் நுனியில் கிடைக்கும் உணர்வும் வேறு எதிலும் அப்படியே கிடைக்காது. நரம்பு தேடும்போதும் மெல்லிய தையல் முடிச்சுப் போடும்போதும் அது தெரியும். ஆனால் ஐஜிஇ உள்ளவருக்கு, பவுடர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது கையில் ஏறக் கூடாது. 'ஹைப்போஅலர்ஜெனிக்', அதாவது அலர்ஜி குறைவு, என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி நான் எட்டு மாதம் போட்டேன். அந்தச் சொல் இரசாயனம் குறைவு என்ற பொருளில் வந்தது, புரதத்தைப் பற்றியதல்ல. ரப்பர் பாலில் செய்த மருத்துவப் பொருட்களில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997-இல் விதி செய்து 1998-இல் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது. காரணமே இந்தக் குழப்பம்தான்.

நைட்ரைல் செயற்கை ரப்பர். ஹெவ் பி எதுவும் அதில் கிடையாது. எண்ணெய்க்கும் பல இரசாயனங்களுக்கும் லேடெக்ஸைவிட நன்றாகத் தாங்கும். ஊசி குத்தினால் கிழிசல் பெரிதாகிக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இதை நான் நல்ல குணமாகவே பார்க்கிறேன், தெரியாத ஓட்டையோடு வேலை செய்வதைவிட எவ்வளவோ மேல். இழுவை குறைவு என்பதால் அளவு சரியாக இருக்க வேண்டும். சின்ன அளவில் இறுக்கிப் போட்டால் மாலையில் கட்டை விரலடி வலிக்கும். வார்டு, லேப், பல் மருத்துவம், துப்புரவு எல்லாவற்றுக்கும் ஐஜிஇ உள்ளவர் முதலில் எடுக்க வேண்டியது பவுடர் இல்லாத நைட்ரைல்.

ஆனால் சாதாரண நைட்ரைலிலும் அந்தக் கார்பமேட் வகை இரசாயனங்கள் உண்டு. லேடெக்ஸை விட்டு நைட்ரைலுக்கு ஓடிய எங்கள் சிஸ்டருக்கு எதுவும் மாறாததற்குக் காரணம் அதுதான். ஆக்ஸிலரேட்டர் இல்லாதது என்று குறிப்பிட்டே விற்கும் நைட்ரைல் தனியாகக் கிடைக்கிறது. விலை சற்றுக் கூடுதல். வாங்கிக் கொடுத்து மூன்றாவது வாரத்தில் அவள் மணிக்கட்டு வளையம் மங்கியது.

வினைல், அதாவது பிவிசி கிளவுஸ், மலிவு. புரதமும் இல்லை, பெரும்பாலும் அந்த ஆக்ஸிலரேட்டர்களும் இல்லை. அப்படியானால் இரண்டு கூட்டத்துக்கும் இதுவே போதுமே என்று தோன்றும். நானும் முதலில் அதற்குத்தான் மாறினேன். கையோடு ஒட்டாமல் தொளதொளவென்று நிற்கும். கொஞ்ச நேரம் வேலை செய்தாலே நுண்ணிய ஓட்டைகள் விழும். இரத்தம் படும் வேலைக்கு அதை நம்ப முடியாது. சாப்பாடு பரிமாற, படுக்கை விரிப்பு மாற்ற, சின்னச் சின்ன வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் எடுப்பவர் வினைலைத் தேர்ந்தெடுத்தால் ஒரு ஆபத்தைத் தள்ளி இன்னொன்றை வாங்கிக்கொள்கிறார்.

தியேட்டரில் ஸ்டெரைல் கிளவுஸுக்குப் போட்டி நியோப்ரீனுக்கும் பாலிஐசோப்ரீனுக்கும். பாலிஐசோப்ரீன் வேதியியல்படி மரத்து ரப்பரின் அதே பாலிமர், தொழிற்சாலையில் செய்தது. மரத்தின் புரதம் அதில் இல்லை. மாட்டிப் பார்த்தால் லேடெக்ஸ் என்றே கை நினைக்கும். நியோப்ரீன் சற்று விறைப்பு, ஆனால் உழைக்கும். ஐந்து மணி நேர ஆபரேஷனுக்கு நான் கேட்பது பாலிஐசோப்ரீன். விலைதான் தடை, லேடெக்ஸ் ஜோடியைவிடப் பல மடங்கு. எங்கள் ஸ்டோரில் அலர்ஜி உள்ள இரண்டு பேருக்கும், அலர்ஜி உள்ள நோயாளிகளுக்கும் மட்டும் எடுத்து வைக்கிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. இவற்றிலும் பலவற்றில் ஆக்ஸிலரேட்டர் இருக்கிறது, தாமதச் சொறி உள்ளவர் பெட்டியைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

பக்கத்தில் நிற்பவர் கையில் என்ன?

வினைலுக்கு மாறியும் எனக்கு வீசிங் நிற்கவில்லை. அப்போதுதான் மிக முக்கியமான விஷயம் புரிந்தது. ஒரு நாள் கேஸ் தொடங்கும் முன் பெரிய விளக்கைப் போட்டிருந்தார்கள். எதிரே நின்றவர் பவுடர் கிளவுஸை உதறி, சுண்டி இழுத்து மாட்டினார். வெளிச்சத்தில் வெள்ளைப் புகைபோல் ஒரு தூசி எழும்பி, மெல்ல மெல்ல ட்ரேயின் மேல், துணியின் மேல், என் முகத்துக்கு நேராக இறங்கியது. கால் மணி நேரத்தில் எனக்குத் தும்மல். அரை மணி நேரத்தில் நெஞ்சு இறுகியது.

அந்தப் பவுடர் சோள மாவு. மாவால் அலர்ஜி வருவது அபூர்வம். மாவு புரதத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பறந்து மூச்சில் போகிறது, மணிக்கணக்கில் அறையில் மிதக்கிறது. அறையில் ஒருவர் பவுடர் லேடெக்ஸ் போட்டாலே அங்கே இருக்கும் எல்லோரும் அந்தப் புரதத்தைச் சுவாசிக்கிறார்கள். இன்று நன்றாக இருப்பவர் நாளை அலர்ஜிக்காரர் ஆவதும் இப்படித்தான்.

இந்த நோய் ஊழியர்களிடம் பெருகியதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1987-இல் எய்ட்ஸ் பயத்தில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, எல்லா நோயாளியின் இரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்று அறிவுறுத்தியது. கிளவுஸ் தேவை பல மடங்கு எகிறியது. சந்தைக்கு வந்தவற்றில் புரதம் மிகுந்த பவுடர் கிளவுஸ்கள் ஏராளம். பத்தே வருஷத்தில், 1997-இல், அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியாஷ் எச்சரிக்கை வெளியிட்டபோது, அடிக்கடி கிளவுஸ் அணியும் சுகாதார ஊழியர்களில் 8 முதல் 12 சதவீதம் பேருக்கு ரப்பர் பால் புரதத்துக்கு உணர்திறன் வந்துவிட்டிருந்தது. ஜெர்மனி 1998-இலேயே பவுடர் லேடெக்ஸ் கிளவுஸை வேலையிடங்களிலிருந்து விலக்கியது. அதன்பின் அங்கே புதிதாக ஆஸ்துமா என்று வரும் ஊழியர்களின் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. அமெரிக்கா பவுடர் கிளவுஸ்களை 2017 ஜனவரியில் முழுவதுமாகத் தடை செய்தது.

ஆகவே பிரிவின் மேலாளரிடம் பேசப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: முழு மருத்துவமனையும் லேடெக்ஸை விட வேண்டும் என்று கேட்டு மோதாதீர்கள். பவுடரை விடச் சொல்லுங்கள். அலர்ஜி உள்ளவர் செயற்கை கிளவுஸ், மற்றவர்கள் பவுடர் இல்லாத, புரதம் குறைந்த லேடெக்ஸ் என்ற ஏற்பாட்டிலேயே பெரும்பாலான அலர்ஜிக்காரர்கள் அதே அறையில் வேலையைத் தொடர முடிகிறது. செலவும் தாங்கும். எங்கள் இடத்தில் ஸ்டோர் பொறுப்பாளர் முதலில் மறுத்தார். மூன்று பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதமும், ஒரு மயக்க மருத்துவரின் ஆதரவும் சேர்ந்தபின் மாறியது. இப்போது அந்தத் தூசி இல்லை. நான் இன்ஹேலரைத் தொட்டு ஒரு வருஷம் ஆகிறது.

வேலையை விடலாமா, பிரிவை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதே வரிசைதான். தோலில் மட்டும் தடிப்பு என்றால் கிளவுஸை மாற்றிவிட்டுத் தொடருங்கள். வீசிங் தொடங்கிவிட்டது, அறையில் பவுடரும் நிற்கவில்லை என்றால், அன்றே இடம் மாறுங்கள். மாத்திரை போட்டுச் சமாளித்துக்கொண்டு அங்கேயே நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஆஸ்துமா நிலைத்துவிட்டால் பின்னால் கிளவுஸை மாற்றினாலும் திரும்பிப் போகாமல் தங்கிவிடலாம்.

மருந்தால் தீர்க்க முடியாதா?

அலர்ஜி மாத்திரை தும்மலையும் அரிப்பையும் குறைக்கும்; உயிருக்கே ஆபத்தான கடும் வினையான அனாஃபிலாக்ஸிஸைத் தடுக்காது. முன்கூட்டி மாத்திரை போட்டுவிட்டு லேடெக்ஸோடு வேலை செய்யலாம் என்ற நினைப்பு ஆபத்தானது, முதல் எச்சரிக்கை மணியை மட்டும் அது அடக்கிவைக்கும். நாக்கின் கீழ் சொட்டு வைத்துப் பழக்கும் சிகிச்சை ஐரோப்பாவில் முயற்சி செய்யப்பட்டது. பலன் ஆளுக்கு ஆள் மாறியது, பக்கவிளைவும் இருந்தது. ஐஜிஇயைப் பிடித்து நிறுத்தும் ஓமலிசுமாப் ஊசி விலை உயர்ந்தது. ஆஸ்துமாவுக்காக எடுப்பவருக்கு இதிலும் கொஞ்சம் உதவலாம். இவை எதுவும் விலகியிருப்பதற்கு ஈடாகாது.

கையில் இருக்க வேண்டியது அட்ரினலின். பெரியவர்களுக்கு ஆயிரத்தில் ஒன்று வீரியத்தில் 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். தானாகக் குத்தும் பேனா நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் ஆம்பூலும் சிரிஞ்சும் எங்கே இருக்கிறது, யார் போடுவார் என்பதை நல்ல நாளிலேயே பேசி வையுங்கள். என் கணவருக்கு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழக்கிவிட்டிருக்கிறேன்.

பழங்களும் பலூனும்

வாழைப்பழம் சாப்பிட்டால் தொண்டை அரிப்பது ரொம்ப நாளாக இருந்தும் நான் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. வாழை, அவகாடோ, கிவி, செஸ்ட்நட் ஆகியவற்றில் சில காப்புப் புரதங்களின் ஒரு பகுதி ஹெவின்போலவே இருக்கும். அந்தப் பழங்களும் பூஞ்சையை விரட்ட அதே ஆயுதத்தைத்தான் வைத்திருக்கின்றன. ரப்பர் பால் அலர்ஜி உள்ளவர்களில் கிட்டத்தட்ட மூன்றிலொருவர் முதல் பாதிப் பேர் வரை ஏதாவது ஒரு பழத்துக்கு வினை காட்டுகிறார்கள். பப்பாளி, மாம்பழம், பலா என்று நீளப் பட்டியல் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வதை நான் ஏற்கவில்லை. சாப்பிட்டு இதுவரை ஒன்றும் ஆகாத பழத்தை விட வேண்டியதில்லை. வாயோ தொண்டையோ அரிக்கும் பழத்தை விட்டுவிடுங்கள். அந்தப் புரதம் சூட்டில் குலைந்துவிடுவதால் வாழைக்காய் பொரியல் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். எனக்கு ஒத்துக்கொள்கிறது.

வீட்டில் பெரிய எதிரி பலூன். மகன் பிறந்தநாளுக்கு ஊதப் போய் என் உதடு வீங்கியது. ஃபாயில் பலூனுக்கு மாறினோம். டயர் போன்ற உலர் ரப்பர் பொருட்களில் கரையும் புரதம் மிகக் குறைவு; வண்டி ஓட்டப் பயப்பட வேண்டாம். லேடெக்ஸ் பெயின்ட் என்று எழுதியிருக்கும் சுவர்ப் பூச்சில் மரத்துப் பாலே கிடையாது. ஆணுறையில் உண்டு, பாலிஐசோப்ரீன், பாலியூரித்தேன் வகைகள் மாற்றாக இருக்கின்றன.

நீங்களே நோயாளியாகப் படுக்கும்போது

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் யாரோ எழுதிக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். தியேட்டரில் ரப்பர் பால் வினை பெரும்பாலும் மயக்கம் கொடுத்தவுடன் வராது. வயிற்றைத் திறந்து கிளவுஸ் கை உள்ளே போனபின், அரை மணி, ஒரு மணி கழித்து வரும். அதனால் மருந்தின் மேல் பழி போவதும் உண்டு. முடிந்தால் அன்றைய முதல் கேஸாக வைக்கச் சொல்லுங்கள்; இரவெல்லாம் தூசி அடங்கியிருக்கும்.

அப்புறம், கதீட்டர். இதை மட்டும் மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். 'சிலிக்கனைஸ்டு' என்று உறையில் போட்ட ஃபோலி கதீட்டர் உள்ளே முழுக்க லேடெக்ஸ்தான், மேலே சிலிக்கன் பூச்சு மட்டும். மஞ்சள் நிறமாக, கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும். வேண்டியது முழுக்க சிலிக்கனால் ஆனது, கண்ணாடிபோல் உள்ளே தெரியும். என் சிசேரியன் அன்று ட்ராலியில் மஞ்சள் கதீட்டர்தான் இருந்தது. கையில் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்க, "சிஸ்டர், அந்த உறையை ஒரு தடவை வாசிங்க" என்றேன். அவர் வாசித்துவிட்டு, எதுவும் பேசாமல் ஸ்டோருக்குப் போய் மாற்றி எடுத்துவந்தார்.